உள்ளங்கால் பொட்டு

தொடையில் போடுவார்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறந்தபோது போட்ட ஊசியைக் கையில்தானே போட்டார்கள், தோளுக்குக் கொஞ்சம் கீழே, அது பழுத்து உடைந்து இப்போது மிளகு அளவுக்கு வடுவாகக்கூட நிற்கிறது, அப்படியிருக்க ஒன்றரை மாதத்து ஊசியும் கையில்தான் என்று ஒருத்தி நினைத்தால் அதில் என்ன தப்பு. பியூலா மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். ஊசி அறைக்குள்ளிருந்து இப்போதுதான் ஒருத்தி வெளியே வந்தாள், அவள் தோளில் கிடந்த பையன் வீறிட்டுக்கொண்டிருந்தான், அவனுடைய வெறும் தொடையில் ஒரு பஞ்சை அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள், அந்தப் பஞ்சைப் பார்த்ததுமே பியூலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொடை என்றால் பேண்ட்டைக் கழற்ற வேண்டும். இந்தப் பேண்ட்டோ பாதத்தோடு சேர்த்துத் தைத்தது, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற நாத்தனார் கொடுத்துவிட்டது, மஞ்சள் நிறம், இடுப்பில் பிடித்து உருவினால் விரல்நுனி வரைக்கும் மொத்தமாக வந்துவிடும். வந்துவிட்டால் உள்ளங்கால் தெரியும். உள்ளங்கால் தெரிந்தால் அதன் நடுவில் அவரை விதை மாதிரிக் கறுப்பாக உட்கார்ந்திருக்கிற திருஷ்டிப் பொட்டு தெரியும். அதை மறைக்கத்தானே காலையில் கைக்கெட்டிய சட்டையை எல்லாம் தள்ளிவிட்டு இந்தப் பேண்ட்டைத் தேடி எடுத்துப் போட்டாள், போட்டுவிட்டுத் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள், மெச்சிக்கொண்டே தலையில் எண்ணெயை அப்பி, குளிக்க நேரமில்லாமல் அப்படியே பின்னிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு எவ்வளவு புத்தி இருக்கும். அதுவும் இன்றைக்குப் பார்த்து, இந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரி பெஞ்சில் இத்தனை இடம் கிடக்க, யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் பார். பாஸ்டரம்மா.

பாஸ்டரம்மா என்றால் வயதானவள் ஒன்றும் இல்லை. பியூலாவைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள், ஹெப்சிபா என்று பெயர், ஆனால் பாஸ்டரின் மனைவி, பொட்டும் பூவும் நகையும் கூடாது என்கிற அந்த ஜெபவீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, சபையே உபவாசம் இருந்து, பெற்ற மகன்தான் மடியில் இருக்கிற சாமுவேல். கொழுக்கட்டை மாதிரிப் பையன், முழங்கைக்கு முழங்கை மடிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாஸ்டரம்மா மைக்கில் சாட்சி சொல்லுவாள், கேட்கிற பெண்கள் எல்லாம் முந்தானையில் மூக்கைத் துடைப்பார்கள், பியூலாவும் துடைத்திருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது விக்கி விக்கி அழுதிருக்கிறாள். இன்றைக்கு அவனுக்கு இரண்டாம் தவணை ஊசியாம். "ஸ்தோத்திரம் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை உங்க சாட்சி இருக்கு, மறந்திராதீங்க. பொழுதடைஞ்சா வீல் வீல்னு அழுத பிள்ள, கர்த்தர் தொட்டாரு, அன்னைக்கே நின்னுது. இதை நீங்க வாயைத் தொறந்து சொன்னாத்தானே நாலு பேருக்கு விசுவாசம் வரும்" என்றாள். பியூலா தலையை ஆட்டினாள். யார் எதைச் சொன்னாலும் அவளுக்குத் தலைதான் ஆடும். மனசுக்குள் என்னவோ ஓயாமல் பேச்சுதான், எந்நேரமும் மைக் வைத்த மாதிரி, அதில் பத்தில் ஒரு பங்கு வாய்க்கு வந்தால்கூடப் பிழைத்துக்கொள்வாள், ஆனால் தொண்டைக்குழி தாண்டும்போது எல்லாம் நூலாக மெலிந்து அறுந்துபோகும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் புத்தகம் ஆடும், குரல் வராது, வாத்தியார் உட்காரச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவள் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டுமாம். மெய்யாகவே நடந்ததைச் சொல்லவே நாக்கு எழாது, பாதி நடந்ததை எந்த நாக்கால் சொல்வது. கையில் பிள்ளை இருக்கும், பிள்ளையின் காலில் சாக்ஸ் இருக்கும், சாக்ஸுக்குள் அது இருக்கும். சபைக்குச் சாக்ஸ் மட்டும்தான் தெரியும் சரி, ஆண்டவருக்குமா.

இந்தப் பக்கம் இவள் என்றால் அந்தப் பக்கம் வடிவக்கா. பக்கத்து வீட்டுக்காரி, சுகர் மாத்திரை வாங்க வந்தவள், வாங்கிய மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, பியூலாவைக் கண்டதும் "ஏளா, இன்னுமா கூப்பிடல" என்று பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலப்பக்கம் வேதாகமப் பை, இடப்பக்கம் வெற்றிலை வாசம், நடுவில் பியூலா, இதுதான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்முதலாக அவள் பிழைப்பு. வடிவக்காவின் கண் நேரே சாமுவேலிடம் போயிற்று. "யாத்தே, என்ன கன்னம், என்ன தொடை. ஏம்மா, இப்படிப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு பொட்டு கிட்டு வைக்கக் கூடாதா? ஆஸ்பத்திரிக் கண்ணு பூரா இவன் மேலதான கெடக்கு." பாஸ்டரம்மா சிரித்தாள். "எங்களுக்கு இயேசுவோட ரத்தம் காவல் இருக்கும்மா." "இருக்கட்டும், யாரு வேண்டாங்கா. ரத்தம் உள்ள இருக்கும். கண்ணு வைக்கவன் வெளியதான பாப்பான், அவனுக்குன்னு வெளிய ஒரு பொட்டு இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு வடிவக்கா பியூலாவைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாள். பியூலாவுக்கு உயிர் போய் வந்தது. சொல்லிவிடுவாள். இந்த வாய்க்கு மூடி கிடையாது, இன்னும் இரண்டு வார்த்தை போனால், இவ பிள்ளைக்கு நாந்தானே வச்சேன் என்று சொல்லிவிடுவாள், பெருமையாகவே சொல்லுவாள். கர்த்தாவே, இவள் வாயைக் கட்டும் என்று மனசுக்குள் ஜெபித்தாள், ஜெபித்த கையோடு, எதை மறைக்க யாரிடம் கேட்கிறாய் என்று அவளுக்கே வெட்கமாகிப்போயிற்று.

என்னதான் செய்யச் சொல்கிறார்கள் ஒருத்தியை. நெற்றி வெறுமையாக இருக்கிறது என்று ரேஷன் கடையில் ஒரு பொம்பிளை கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டுக்காரர் எப்போம்மா தவறுனாரு என்று கேட்டாள், அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷன் ஐசக்கை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்குக் காது குத்தவில்லை, கம்மல் இல்லை, ஜெரூஷா என்று பெயர் சொன்னாலும் பஸ்ஸில் எல்லாரும் ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள், பெண் என்றால், அய்யோ பாவம், ஒரு பொட்டுத் தங்கம் போடக்கூட வழியில்லையா என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வடிவக்கா மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து நீட்டுவாள், வேண்டாம் என்று சொல்லப் பியூலாவுக்கு வாய் வராது, வாங்கித் தம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பாள், ஜெபத்துக்கு வருகிறவர்கள் தம்ளரைப் பார்ப்பார்கள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். ஐசக்கிடம் சொன்னால், நீ தைரியமா நாங்க வைக்கிறதில்லன்னு சொல்ல வேண்டியதுதானட்டி என்பான். நல்ல தைரியம். ஆயுதபூஜைக்கு அவன் ஓட்டுகிற லோடு ஆட்டோவுக்கு நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள், இவன் பக்கத்தில் கை கட்டி நின்றான், கேட்டால், வண்டி முதலாளியோடதுல்லா, நான் என்ன செய்ய முடியும் என்றான். வண்டி முதலாளியுடையது, வைக்கலாம். பிள்ளை யாருடையது? ஒன்றரை மாதமாக ராவும் பகலும் தூக்கிச் சுமக்கிறவளைத் தவிர மற்ற எல்லாருடையதும் போல.

அந்தச் சாயங்காலத்தை நினைக்காமல் இருக்கப் பார்ப்பாள், ஆனால் நினைப்பு பல்லில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேதான் போய்ப்போய் நிற்கும். விளக்கு வைக்கிற நேரம் ஆனால் போதும், பிள்ளை முகம் நீலம்பாரிக்க அழும், முதுகை வில்லாக வளைக்கும், பால் கொடுத்தால் துப்பும், தோளில் போட்டால் வீறிடும். ஐசக் போனில், பாஸ்டரம்மாவைக் கூப்பிடு என்றான். கூப்பிட்டாள். அவள் வருவதற்குள் பின்வாசல் வழியாக வடிவக்கா வந்துவிட்டாள், கையில் மிளகாய் வற்றல், கல் உப்பு, தெருமண், ஒரு கொட்டாங்குச்சியில் வசம்பைச் சுட்டு விளக்கெண்ணெயில் குழைத்த மை. வேண்டாம்க்கா என்று பியூலா சொன்னாள், சொன்னாளா, சொன்னதாகத்தான் ஞாபகம், அந்த அழுகையில் யாருக்குக் கேட்கும். வடிவக்கா சுற்றி அடுப்பில் போட்டாள். "பாத்தியா, இத்தன வத்தலு போட்டும் நெடி வரல, அம்புட்டும் கண்ணு." வந்தது, கொஞ்சம் வந்தது, பியூலாவுக்குத் தொண்டை கமறியது, ஆனால் அதைச் சொல்ல அவள் யார். பிறகு உள்ளங்காலில் பொட்டை வைத்து, "உங்க ஆளுக கண்ணுல படாதுளா" என்று சொல்லிப் பின்வாசலால் போனாள். அவள் கதவைச் சாத்துகிற சத்தமும் பாஸ்டரம்மா முன்வாசலில் ஸ்தோத்திரம் என்கிற சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன. பாஸ்டரம்மா மூக்கைச் சுளித்து "அடுப்புல என்ன சிஸ்டர்" என்றாள். தாளிச்சேன் என்றாள் பியூலா. பாஸ்டரம்மா பிள்ளையின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தாள், ஜெபம் முடியும்முன் பிள்ளை தூங்கிப்போனது, அன்றோடு அழுகை நின்றது. ஆனால் எப்போது நின்றது என்று கேட்டால் பியூலாவுக்குத் தெரியாது. பொட்டு வைத்தவுடனே விசும்பலாகக் குறைந்ததா, ஜெபத்தில்தான் குறைந்ததா. போதாததற்கு மருந்துக்கடைக்காரர் கொடுத்த ஓம வாட்டரும் அன்று மத்தியானம்தான் கொடுத்தாள். பலாப்பழம் தின்பதையும் அந்த வாரம்தான் விட்டாள். பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நடுவில் எந்த இடத்தில் சுகம் வந்தது என்று யார் வந்து காட்டித் தரப்போகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, வடிவக்காவுக்குத் தெரியும், பாஸ்டரம்மாவுக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வைத்தவள் வடிவக்கா என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மறுநாள் குளிப்பாட்டியதில் பொட்டு மங்கியது. மங்கியதைப் பார்த்ததும் பியூலா அடுப்படிக்குப் போனாள். வடிவக்கா விட்டுவிட்டுப் போன கொட்டாங்குச்சி அடுப்பு மூலையில் இருந்தது. ஆட்காட்டி விரலால் தொட்டு, அவளே, யாரும் சொல்லாமல், யாரும் இல்லாத நேரம், வைத்தாள். அன்றிலிருந்து தினமும் வைக்கிறாள். முதலில் ஜெபம், பிறகு பொட்டு. உம்மை நம்பாமல் இல்லை ஆண்டவரே, நம்புகிறேன், ஆனால் பிள்ளை ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே வைப்பாள். கொட்டாங்குச்சியைக் காலிப் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். இப்போது அதுவா முக்கியம், இந்தப் பேண்ட்டுதான் முக்கியம். மெல்ல இடுப்புப் பட்டிக்குள் கையை விட்டாள், தொடை, முழங்கால், அதற்குமேல் கை போகவில்லை, பிள்ளை நெளிந்து முனகியது. "நனைச்சிட்டாளா?" என்றாள் வடிவக்கா. "எப்படியும் தொடையிலதான் சிஸ்டர் போடுவாங்க, இப்பமே கழட்டிருங்க, உள்ள போனா நர்ஸ் சத்தம் போடுவாங்க. குடுங்க, நான் கழட்டித் தாரேன்" என்று பாஸ்டரம்மா கையை நீட்டினாள். "வேண்டாம்." அந்த ஒரு சொல் இவ்வளவு பெரிதாகத் தன் வாயிலிருந்து வரும் என்று பியூலா நினைக்கவில்லை. எதிர் பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "குளிரும்" என்றாள் பிறகு, சித்திரை வெயிலில். எழுந்து குழாயடிக்குப் போகலாமா, போனால் முறை போய்விடும். வீட்டுக்கே போய்விடலாமா, போனால் ஊசி போய்விடும். ஒரு பொட்டு, அவரை விதை அளவு, அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

"ஜெரூஷா, சாமுவேல், ரெண்டு பிள்ளையும் உள்ள கொண்டாங்க" என்றது உள்ளேயிருந்து குரல். வாசலோடு வடிவக்கா நின்றுகொண்டாள். நர்ஸ் நிமிரவே இல்லை. "பேண்ட்டக் கழட்டும்மா. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே." பியூலாவின் விரல்கள் இடுப்புப் பட்டியைப் பிடித்தன, பிடித்தபடியே நின்றன. நர்ஸ் உச்சுக்கொட்டிவிட்டுத் தானே ஒரு இழுப்பு இழுத்தாள், மஞ்சள் பேண்ட் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது, இரண்டு சிவந்த பாதங்கள் ஆகாயத்தில் உதைத்தன, ஒன்றில் அது. நர்ஸ் பார்த்தாள், இதைவிட எத்தனையோ பார்த்தவள் மாதிரி ஊசிக்குள் மருந்தை உறிஞ்சினாள். "நீ கையப் பிடி. இந்தாம்மா, நீங்க அவ காலப் பிடிங்க, துள்ளக் கூடாது." பாஸ்டரம்மா சாமுவேலை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் ஜெரூஷாவின் இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தாள். கட்டைவிரல் சரியாகப் பொட்டின் மேல் விழுந்தது. பார்த்தாளா, பார்க்காமலா இருப்பாள், முகத்தில் ஒன்றும் இல்லை, ஜெபத்துக்குக் கண் மூடியவள் மாதிரி அமைதியாக இருந்தது. ஊசி இறங்கியது. பிள்ளை ஒரு கணம் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து, பிறகு கத்தியது. பியூலாவுக்கு மாரில் பால் கட்டிக்கொண்டு வந்தது. அடுத்தது சாமுவேல், அவன் அழுகை ஆஸ்பத்திரியையே தூக்கியது, பாஸ்டரம்மா "ஆச்சு ராசா, ஆச்சு, ஆச்சு" என்று அவன் கண்ணீரைக் கட்டைவிரலால் வழித்துத் துடைத்தாள், கண்ணோரத்திலிருந்து தாடை வரைக்கும் அந்தக் கொழுத்த கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. "இறுக்கமா எதையும் போடாதீங்க, காத்தாட விடுங்க. ராத்திரி காய்ச்சல் வரும், சொட்டு மருந்து குடுங்க, பயப்படாதீங்க" என்று நர்ஸ் பொதுவாகச் சொன்னாள்.

வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். வடிவக்கா சாமுவேலைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முழங்காலைத் தட்டிச் சிரித்தாள். "இப்பதாம்மா பிள்ளைக்கு லெச்சணம் வந்திருக்கு. வேண்டாம் வேண்டாம்னீக." பாஸ்டரம்மா மகன் கன்னத்தைப் பார்த்தாள், தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து முந்தானையை நனைத்துத் துடைத்தாள். கோடு போகவில்லை, பரவியது. கன்னம் முழுக்கச் சாம்பல் பூத்தது. அதற்குமேல் பியூலாவால் முடியவில்லை. "அது எம்பிள்ள கால்ல உள்ளது" என்றாள். "நாந்தான் வச்சேன். வடிவக்கா இல்ல. தினமும் நாந்தான் வைக்கேன். ஞாயித்துக்கிழமை என்னால சாட்சி சொல்ல முடியாது." இத்தனை சொற்களை அவள் ஒரே மூச்சில் சொல்லி யாரும் கேட்டதில்லை. வடிவக்காகூட வாயை மூடிக்கொண்டாள். இடுப்பு மாத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் போயி பஸ்ஸு வருதான்னு பாக்கேன்" என்று எழுந்து போனாள்.

பாஸ்டரம்மா நனைந்த முந்தானையால் இன்னும் இரண்டு தரம் தேய்த்தாள், பிள்ளை சிணுங்கியது, விட்டுவிட்டாள். "தண்ணிக்கு இது போவாது. தேங்கா எண்ணெய்க்குத்தான் போவும்" என்றாள் தனக்குத்தானே சொல்வதுபோல. சொன்னதும் அவள் கை அப்படியே நின்றது. பியூலா கேட்டாள், அவளா கேட்டாள் என்று பிறகு அவளுக்கே தோன்றும்படி மெதுவாக, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஊசி அறைக்குள் வேறு ஒரு பிள்ளை கத்தத் தொடங்கியது. அது ஓய்ந்ததும் பாஸ்டரம்மா மகனின் பின்னந்தலையைத் தடவினாள். "இவனுக்கு முடிக்குள்ள வைப்பேன். பின்னந்தலையில. வெளிய தெரியாது. சனிக்கிழம சாயங்காலம் குளிப்பாட்டும்போது எண்ணெ போட்டுத் தொடச்சிருவேன்." பிறகு, "நான் வாராவாரம் சாட்சி சொல்லுதேன், பியூலா" என்றாள். சிஸ்டர் என்று சொல்லவில்லை.

பியூலாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அடிப் பாவி, காலையிலிருந்து நான் இங்கே பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, கழட்டித் தாரேன் கழட்டித் தாரேன் என்று கையை நீட்டினாயே, ரத்தம் காவல் இருக்கு என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் எத்தனை ராத்திரி என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன் என்று மனசுக்குள் மைக் அலறியது. வாய்க்கு ஒன்றும் வரவில்லை. வரவேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை. அந்தக் கன்னம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் கன்னத்தோடு அவள் பஸ் ஏற வேண்டும், தெருவில் நடக்க வேண்டும், வீட்டில் பாஸ்டர் இருப்பார். பியூலா தன் வகிட்டில் இரண்டு விரலை அழுத்தித் தேய்த்தாள். காலையில் அப்பிய எண்ணெய் விரலில் வழவழத்தது. அந்த விரலால் சாமுவேலின் கன்னத்தைத் தொட்டாள், கண்ணோரத்திலிருந்து தாடைக்கு, மெதுவாக, தன் பிள்ளைக்குச் செய்வதுபோல. கறுப்பு இளகிக் கழன்றது. மறுபடி வகிட்டில் தேய்த்து, மறுபடி கன்னத்தில் தேய்த்தாள். பாஸ்டரம்மா பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"பஸ்ஸு வந்துட்டுளா" என்று வாசலில் வடிவக்கா கூப்பிட்டாள். கன்னம் சுத்தமாகியிருந்தது. ஜெரூஷாவின் கால் மஞ்சள் பேண்ட் இல்லாமல், வெளியே, பாதி அழிந்த பொட்டோடு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை மூடத் துண்டைத் தேடிய கையைப் பியூலா திருப்பிக்கொண்டாள். விரலில் ஒட்டிய கறுப்பை எங்கே துடைப்பது என்று பார்த்தாள், சேலையில் பட்டால் போகாது, பெஞ்சில் தேய்த்தால் யார்மேலாவது ஒட்டும். கடைசியில் தலையிலேயே துடைத்துக்கொண்டாள். முடி கறுப்பு, அதில் அது தெரியவில்லை.